அப்படி ஒருவர் இங்கே இல்லை

சிவபாதசுந்தரம் தண்ணீர் அளந்துகொண்டிருந்தார். இருமல் மருந்தோடு வரும் சின்னக் கோப்பை. அதில் முப்பது மில்லிலீற்றருக்கு ஒரு கோடு. கோப்பையைக் கண்ணுக்கு நேரே தூக்கிப் பார்ப்பார். கோட்டுக்கு மேலே ஒரு துளி நின்றாலும் பாத்திரத்துக்குள் திருப்பி ஊற்றிவிட்டு மறுபடி அளப்பார். அப்படி இருபது கோப்பை. இருபதாவதும் போத்தலுக்குள் போனதும் மூடியை இறுக்கி, கழுத்தில் அன்றைய திகதி எழுதிய துண்டுக் கடதாசியை நூலால் கட்டுவார். அறுநூறு மில்லிலீற்றர். தேநீரோ, குளிசை விழுங்கவோ, வாய் நனைக்கவோ, அன்று முழுவதும் அந்தப் போத்தல்தான்.

கை நடுங்கவில்லை. ஒரு நோயாளியின் வீட்டுக்கு முதல்முறை போனால் நான் முகத்தைப் பார்ப்பதில்லை. முகம் யாருக்கும் பொய் சொல்லும். கையைத்தான் பார்ப்பேன். இந்தக் கைக்கு அளக்கத் தெரிந்திருந்தது. இவரோடு வேலை செய்யலாம் என்று நினைத்தேன்.

அது தொண்ணூற்றேழாம் ஆண்டு. ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலையில் இருந்து ஓய்வு பெற்றபின் வீட்டில் கிடக்கும் நோயாளிகளைப் பார்த்து வந்தேன். கொட்டாஞ்சேனையில் இருந்து காலை பஸ் பிடித்து, காலி வீதியில் சோதனைச் சாவடிக்கு முன்னால் இறங்கி, பையைத் திறந்து காட்டி, வெள்ளவத்தையில் கடற்பக்கமாக இறங்கும் ஒரு ஒழுங்கைக்கு நடந்து போவேன். பிரஷர் பார்ப்பது, நிறை பார்ப்பது, ஊசி போட்ட கையைப் பார்ப்பது, சாப்பாட்டில் யாரும் வாழைப்பழம் கொடுக்கவில்லை என்று நிச்சயப்படுத்துவது. இதுதான் வேலை. சிறுநீரகம் நின்றுபோனவருக்கு வாழைப்பழமும் இளநீரும் விஷம். அன்புள்ளவர்கள்தான் அவற்றைக் கொண்டுவருவார்கள்.

இனி அவர் யார் என்று சொல்கிறேன். சுன்னாகத்தில் பிறந்தவர். எழுபத்துநாலில் இலிகிதர் வேலைக்கான கிளறிக்கல் சோதனை பாஸ் பண்ணி, இருபத்துமூன்று வயதில் கொழும்புக்கு வந்தார். கிடைத்த வேலை தண்ணீர் இணைப்பு விண்ணப்பங்களைக் கவனிக்கும் ஒரு கந்தோரில். பெயரை எழுதப் போவதில்லை. கொழும்பில் குழாய்த் தண்ணீருக்குக் காத்திருந்த எல்லோருக்கும் அப்படி ஒரு கந்தோரைத் தெரியும். எண்பத்துமூன்று கலவரத்தில் எல்லோரையும்போல அகதி முகாமில் இருந்து கப்பலில் ஊருக்குப் போனார். மூன்று மாதத்தில் திரும்பி வந்தார். ஏன் வந்தீர்கள் என்று கேட்டேன். "லீவு முடிஞ்சு போச்சு, மிஸி" என்றார். பகிடி இல்லை. அவர் பகிடி விடுகிற ஆள் இல்லை.

கலியாணம் செய்யவில்லை. பேச்சுகள் வந்தன, ஒவ்வொன்றுக்கும் ஒரு கோப்பு இருந்தது, ஒன்றும் மூடப்படவும் இல்லை, முடியவும் இல்லை. லஞ்சம் வாங்கியதில்லை. அதுபோலவே எந்தக் கோப்பையும் அவசரப்படுத்தியதும் இல்லை. யார் வந்து அழுதாலும், யார் மந்திரியின் கடிதத்தோடு வந்தாலும், "முறை வரும்போது வரும்" என்பதே அவருடைய மறுமொழி. இருபத்திரண்டு வருடம் பிறருடைய தண்ணீரைக் காக்க வைத்த மனிதருக்கு இப்போது நாளுக்கு இருபது கோப்பை.

இதை நான் சொல்ல வேண்டியதில்லை. அந்த வீட்டுக்காரி பலீலா தினமும் சொல்லிக்கொண்டிருந்தார். முன்வீட்டில் பலீலா, பின்னால் ஒட்டிக் கட்டிய இரண்டு அறையில் சிவபாதசுந்தரம். இரண்டுக்கும் நடுவே ஒரு நடை. அந்த நடையில்தான் ரெலிபோன்.

"மிஸி, இந்தப் பின்னறைக்கு ஒரு பைப் இழுக்க நான் மூணு வருஷம் அவர்ட கந்தோருக்கு ஏறி எறங்கின. போற நேரமெல்லாம் 'ஃபைல் மேசையில ஈக்கி' எண்டு சொல்லுவார். கடைசில பைப்பு வந்த. பொறகு பாத்தா அவரே வாடகைக்கு வந்து நிக்கிறார். அல்லாட வேலையப் பாருங்கொ."

"உங்கடை விண்ணப்பத்திலை காணி வரைபடம் இணைக்கப்படேல்லை" என்றார் சிவபாதசுந்தரம், அளப்பதை நிறுத்தாமல்.

"ஓ, இப்பயும் அதத்தான் சொல்றார்!"

பிரஷர் கூடிக் கூடி, அதைக் கவனிக்காமல் விட்டு, சிறுநீரகம் இரண்டும் போனது. வாரத்தில் திங்களும் வியாழனும் இரத்தம் சுத்திகரிக்கும் மெஷினில் நாலு மணித்தியாலம். மெஷின் வாழ்க்கை எத்தனை வருடம் என்று டொக்டரிடம் அவர் கேட்டார். டொக்டர் சுவரைப் பார்த்தார். மாற்றுச் சிறுநீரகம்தான் வழி என்றார். கொடுப்பதற்கு ஆள் இருந்தது. தங்கை நேசமலர், சுன்னாகத்தில் கணக்கு ரீச்சர், இரண்டு பிள்ளைகளின் தாய். கப்பலில் வந்து பரிசோதனை செய்தாள். பொருந்தியது. பேப்பரில் கையெழுத்து வைத்தாள்.

"சின்னனிலை என்ரை பங்கு மாம்பழத்திலை பாதியைப் பிடுங்கித் தின்னுறவர், மிஸி. அம்மா கேட்டா, 'தங்கச்சி தந்தவ' எண்டுவார். இந்த முறை கையெழுத்து வைச்சுத்தான் குடுக்கிறன். ஒருத்தரும் பொய் சொல்லேலாது."

ஆளும் இருக்கிறது, உறுப்பும் இருக்கிறது, பிறகு என்ன தாமதம் என்று நீங்கள் கேட்கலாம். ஒப்பரேஷன் அறை. மாதத்தில் இரண்டு பேருக்குத்தான் அங்கே செய்ய முடியும். அவருக்கு வரிசையில் முப்பத்தோராவது இடம் கொடுத்தார்கள். வேறு நோயாளிகள் அந்த எண்ணைக் கேட்டால் அழுவார்கள். இவர் ஒரு கடதாசி எடுத்து முப்பதை இரண்டால் பிரித்து, "பதினைஞ்சு மாதம். பரவாயில்லை. எங்கடை கந்தோரிலை இதைவிடக் கூட" என்றார். திருப்தியாகவே சொன்னார். வரிசை என்று ஒன்று இருந்தால் அவருக்குப் போதும்.

நகரத்தில் குண்டு வெடித்தால் காயப்பட்டவர்கள் அந்த ஒப்பரேஷன் அறையை நிறைப்பார்கள் என்பது அவருடைய கணக்கில் இருக்கவில்லை. யாரோ ஒருவருடைய மாமனார் திடீரென்று நாலாம் இடத்தில் முளைப்பார் என்பதும் இருக்கவில்லை. நேசமலரின் பரிசோதனை முடிவுகள் ஆறு மாதத்தில் பழையதாகிவிடும், அவள் திரும்ப வர வேண்டும், வர அனுமதி வேண்டும், வந்து நிற்க அனுமதி வேண்டும் என்பதும் இருக்கவில்லை. அவர் ஆறாம் இடத்துக்கு வந்தபோது நேசமலர் இரண்டாம் முறை வந்தாள். கொழும்பில் நிற்கக் கொடுத்த அனுமதியை இரண்டு தரம் நீட்டினார்கள். மூன்றாம் தரம் நீட்ட முடியாது என்றார்கள். தொண்ணூற்றெட்டு நவம்பர் முப்பதாம் திகதி அவள் திரும்பிப் போக வேண்டும்.

ஆனால் அதற்கு ஒரு வருடம் முன்னால் நடந்த ஒன்றை முதலில் சொல்ல வேண்டும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை பொலிசார் ஒழுங்கை முழுவதையும் சுற்றிவளைத்தார்கள். கொழும்பில் தங்கும் தமிழர் பொலிசில் எடுக்கவேண்டிய பதிவுப் பத்திரத்தைப் பார்த்தார்கள். எல்லாம் ஒழுங்காக இருந்தது. அவருடைய பத்திரத்தில் ஒழுங்கு இல்லாமல் இருக்குமா? அதுதான் பிழையாகப் போனது. அந்தப் பத்திரத்தில் இருந்த பெயர் அவர்களிடம் இருந்த, தேடப்படும் போராளிகளின் பட்டியலிலும் இருந்தது. வேறு ஊர், வேறு வயது, அதே பெயர். சிவபாதசுந்தரம் யார் என்று, "சிவபாதசுந்தரம் கவுத?" என்று சத்தமாகக் கேட்டார்கள். இவர் எழுந்து நின்று, நான்தான் என்று, "மம" என்றார். கேள்வி கேட்டால் பதில் சொல்லும் பழக்கம். இரண்டு இரவு வைத்திருந்தார்கள். அடிக்கவில்லை. தாகமாக இருப்பார் என்று நினைத்து ஒருவர் பெரிய யொக்கில் தண்ணீரும் இரண்டு வாழைப்பழமும் கொடுத்தார். திங்கட்கிழமை மெஷின் தவறியது. செவ்வாய் பின்னேரம் விட்டார்கள். நான் போய்ப் பார்த்தபோது மூச்சு விட உட்கார்ந்திருக்கவேண்டி இருந்தது. கால் இரண்டும் தூண். அன்று தப்பியது நல்ல காலம் என்று பலீலா சொன்னார். அவசர மெஷின் கிடைத்தது என்று நான் சொல்வேன்.

வீட்டுக்கு வந்ததும் அவர் செய்த முதல் வேலை ஒரு சுற்றறிக்கை எழுதியது. கந்தோர்க் கையெழுத்தில் எழுதி ரெலிபோனுக்கு மேலே ஒட்டினார்.

"சுற்றறிக்கை 1/97. ஒன்று: சிங்களத்தில் முழுப்பெயர் சொல்லி யாராவது கேட்டால், அப்படி ஒருவர் இங்கே இல்லை எனப் பதிலளிக்கவும். இரண்டு: மேலதிக விளக்கம் அளிக்க வேண்டாம். மூன்று: கேட்பவர் யார் என விசாரிக்க வேண்டாம். விசாரித்தால் பேச்சு நீளும்."

பதிவுப் பத்திரம் முடிந்தபோது அவர் அதைப் புதுப்பிக்கவும் இல்லை. இருபத்திரண்டு வருடம் எல்லாப் படிவத்தையும் நிரப்பிய மனிதர், முதல்முறையாக ஒரு படிவத்தை நிரப்பாமல் விட்டார். ஒழுங்கையில் பாதி வீட்டில் அப்படித்தான். ரெலிபோன் அடித்தால் எடுத்து "இல்லை" என்று சொல்லிவிட்டு, பிறகு யார் என்று யோசிப்பது அந்த நாட்களில் வெள்ளவத்தைப் பழக்கம். நானும் கொட்டாஞ்சேனையில் அதையே செய்தேன்.

இனி அந்தச் செவ்வாய். நவம்பர் பத்து. நான் பின்னேரம் நாலு மணிக்குப் போனேன். நேசமலர் பின்பக்கம் உருளைக்கிழங்கை வெட்டித் தண்ணீரில் ஊறப் போட்டுக்கொண்டிருந்தாள். ஊறவைத்து, அவித்து, அவித்த தண்ணீரைக் கொட்டினால்தான் இவருக்குக் கொடுக்கலாம். சிவபாதசுந்தரம் வழக்கத்தைவிட நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்.

"மூண்டு மணிக்கு ஒரு அழைப்பு, மிஸி."

"யார்?"

"தெரியாது. ஆம்பிளைக் குரல். சிங்களம். 'சிவபாதசுந்தரம் இன்னவாத?' எண்டு கேட்டான். 'நே, எஹெம கெனெக் மெஹே நே' எண்டு சுற்றறிக்கையிலை உள்ளபடி சொல்லிப்போட்டு வைச்சிட்டன்."

"யாரெண்டு கேக்கேல்லையா?"

"மூண்டாம் பிரிவு" என்று சுவரைக் காட்டினார்.

"நல்லது" என்றேன்.

ஆம், அப்படித்தான் சொன்னேன். பிரஷர் பார்த்தேன், கொஞ்சம் கூடியிருந்தது. பயத்தில் கூடியது, இறங்கும் என்று கொப்பியில் எழுதினேன். பலீலா கூட நடையில் நின்று, "கெட்டிக்காரர், கொரல் நடுங்கவே இல்ல, நான் கேட்டுட்டு ஈந்த" என்று மெச்சினார். மூன்று பெண்களும் அவருமாகச் சந்தோஷப்பட்டோம்.

வியாழக்கிழமை மெஷினுக்குப் போனோம். இவருடைய பக்கத்துக் கதிரை வெறுமையாக இருந்தது. மொறட்டுவைப் பக்கத்து ஆள், தச்சு வேலை செய்பவர், இவருக்கு அடுத்த இலக்கம். நான் பயந்தேன். அந்த அறையில் கதிரை வெறுமையானால் பெரும்பாலும் ஒரே காரணம்தான்.

பொறுப்பான நர்ஸ் சிரித்தார். "அவருக்கு செவ்வாய் இரவு ஒப்பரேஷன் முடிந்தது. நல்லாயிருக்கிறார். அன்றைக்கு எடுக்க இருந்தவருக்குக் காய்ச்சல். அடுத்த இலக்கத்துக்கு அவசரமாக அழைப்பு எடுத்தோம்."

"அடுத்த இலக்கம் இவரல்லவா?" என்று கேட்டேன்.

நர்ஸின் சிரிப்பு நின்றது. "இவருக்குத்தான் முதலில் எடுத்தோம். மூன்று மணிக்கு. எங்கள் ரெலிபோன் ஒப்பரேட்டர்தான் எடுத்தார். வீட்டில் அப்படி ஒருவர் இல்லை என்று சொன்னார்களாம்."

சிவபாதசுந்தரத்தின் கையில் அப்போதுதான் ஊசி ஏற்றியிருந்தது. இரத்தம் குழாயில் போய்க்கொண்டிருந்தது. அவர் நாலு மணித்தியாலமும் பக்கத்துக் கதிரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மெஷினில் இருந்து இறங்கியதும் இலிகிதரின் ஜன்னலுக்குப் போனோம். கோப்பு மேசையில் திறந்து கிடந்தது. இலிகிதர்களுக்குத் தலைகீழாக வாசிக்க வரும். சிவப்பு மையில் எழுதியிருந்ததை இவர் எனக்குத் தமிழில் வாசித்துக் காட்டினார்: "இந்த விலாசத்தில் அப்படி ஒருவர் இல்லை என வீட்டில் இருந்தே உறுதிப்படுத்தப்பட்டது. பெயர் நீக்கப்பட்டது."

"மனிசன் மெஷினிலை ஏறி இறங்குறது உங்கடை கண்ணுக்கு முன்னாலைதானே!" என்று நான் சிங்களத்தில் இலிகிதரிடம் சத்தம் போட்டேன்.

"மெஷின் வேற கோப்பு, மிஸி. இது வேற கோப்பு" என்றார் இலிகிதர் மரியாதையாக.

"அவர் எழுதினது சரி" என்றார் சிவபாதசுந்தரம். "நானும் அப்பிடித்தான் எழுதியிருப்பன். இன்ஸ்பெக்டர் போனபோது வீடு பூட்டியிருந்தா, விண்ணப்பதாரர் இல்லை, கோப்பு மூடுக. எத்தனை எழுதியிருப்பன்."

நர்ஸ் நல்ல மனிதர். உள்ளே போய்ப் பேசிவிட்டு வந்தார். அடுத்த ஒப்பரேஷன் இருபத்துநாலாம் திகதி. அந்தப் பட்டியலை வெள்ளிக்கிழமை, அதாவது நாளைக்குப் பன்னிரண்டு மணிக்கு முடிவாக்குவார்கள். அதற்கு முன் இவர் அந்த விலாசத்தில் இருக்கிறார் என்று பொலிஸ் முத்திரையோடு ஒரு கடிதம் வந்தால் பழைய இடத்திலேயே சேர்க்கலாம். வராவிட்டால் பட்டியலின் கடைசி. கடைசி இப்போது நாற்பத்திரண்டு.

நாற்பத்திரண்டை இரண்டால் பிரிக்க அவர் கடதாசி கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்து நான்தான் நேசமலரிடம் சொன்னேன். அவர் கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்துவிட்டார். நேசமலர் கத்தியைக் கீழே வைத்தாள். அழுவாள் என்று நினைத்து நான் கதிரையை இழுத்து வைத்தேன். அவள் உட்காரவில்லை.

"அண்ணை."

அவர் போர்வையை இழுத்துக்கொண்டார்.

"அண்ணை, நான் புருஷனையும் பிள்ளையளையும் விட்டிட்டு கப்பலிலை சத்தி எடுத்து எடுத்து வந்தனான். ரெண்டு மாசமா இந்தக் கிட்னியைச் சுமந்துகொண்டு உங்களுக்குக் கிழங்கு அவிக்கிறன். கடைசியா வாங்கிற ஆளே இல்லையாம். ஆர் சொன்னது? வாங்கிற ஆளே சொன்னவராம்!"

"பொம்பிளைக் குரல் எண்டா நான் விளங்கியிருப்பன்" என்றார் அவர் சுவரிடம். "நர்ஸ் எடுப்பா எண்டுதான் நினைச்சன்."

"நல்ல நினைப்பு. ஆரெண்டு ஒரு சொல்லுக் கேட்டிருந்தா விளங்கியிருக்குமே."

நேசமலர் நடைக்குப் போய்ச் சுற்றறிக்கையைப் பிடித்துக் கிழிக்கப் போனாள். அவர் கட்டிலில் இருந்து எழும்பிவிட்டார். "கிழிக்காதை! இரத்துச் செய்தது எண்டு குறுக்கே எழுதி, திகதி போட்டுத் தா. கோப்பிலை வைக்க வேணும்."

பலீலா வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போனார். சிரிப்பா அழுகையா என்று நான் பார்க்கவில்லை.

பிறகு அவர் விஷயத்துக்கு வந்தார். "நான் பொலிசுக்குப் போகேலாது, மிஸி. பதிவு முடிஞ்சு ஒரு வருஷம். ஏன் பதியேல்லை எண்டு கேப்பினம். பேரைப் பட்டியலிலை பாப்பினம். பேர் இன்னும் அங்கை இருக்கும். ஒருத்தரும் பட்டியலிலை இருந்து ஒரு பேரை வெட்டுறதில்லை."

"ஆஸ்பத்திரி வெட்டினதே" என்றாள் நேசமலர்.

"உள்ளுக்கை போட்டா திங்கட்கிழமை மெஷின் போயிடும். போன முறை தப்பினது..."

பயம் நியாயமானது. அதைப் பொய் என்று சொல்ல நான் விரும்பவில்லை. நோயாளியிடம் பொய் சொன்னால் அடுத்த முறை ஊசியைக்கூட நம்பமாட்டான். எனக்குத் தெரிந்த கணக்கைச் சொன்னேன்.

"போறதெண்டா நாளைக்குத்தான் நல்லது. இண்டைக்கு மெஷினாலை இறங்கியிருக்கிறீங்கள். இரத்தம் சுத்தமா இருக்கு. நாளைக்குப் பிடிச்சு வைச்சாலும் திங்கட்கிழமை வரைக்கும் தாங்கும், வாழைப்பழம் தின்னாட்டி. திங்கட்கிழமைக்குள்ளை நான் வெளியிலை எடுப்பன். ஞாயிற்றுக்கிழமையிலை பிடிபட்டதுதான் போன முறை பிழை."

அவர் திரும்பி என்னைப் பார்த்தார். "மிஸி, உங்கடை ஆறுதல் எல்லாம் இப்பிடித்தானோ?"

"ஆறுதல் வேணுமெண்டா கோயிலுக்குப் போங்கோ. கடிதம் வேணுமெண்டா எட்டு மணிக்கு வெளிக்கிட்டு நில்லுங்கோ."

மறுநாள் காலை நான் ஏழே முக்காலுக்கு அங்கே நின்றேன். அவர் அளந்து முடித்திருந்தார். மேசையில் ஒன்றல்ல, மூன்று போத்தல். வெள்ளி, சனி, ஞாயிறு என்று திகதி கட்டியிருந்தது. குளிசைகளையும் மூன்று நாளுக்குப் பொட்டலம் செய்திருந்தார். மடிப்பு எடுத்த வெள்ளைச் சட்டை, கந்தோர்க் காலத்துப் பேனை. நேசமலர் மூன்று போத்தலையும் பைக்குள் வைத்தாள். பிறகு இரண்டை எடுத்து மேசையில் திரும்ப வைத்தாள். அவர் அவற்றைப் பைக்குள் மறுபடி வைத்தார். அவள் மறுபடி எடுத்தாள். கடைசியில் இரண்டு போத்தலோடு சமாதானமானார்கள்.

பலீலா முக்காட்டைப் போட்டுக்கொண்டு வீட்டு உறுதிப் பத்திரத்தோடு வாசலில் நின்றார். "வீட்டுக்காரி இல்லாம எப்பிடிக் கடிதம் தருவாங்கொ? காணி வரைபடமும் எடுத்துக்கிட்டன். இந்த மொற ஒங்கள்ட்டப் பேச்சு வாங்க ஏலாது."

பொலிஸ் நிலையத்தில் எட்டரையில் இருந்து பத்தரை வரை நாலு பேரும் மர வாங்கில் உட்கார்ந்திருந்தோம். அவர் பைக்குள் கையைவிட்டு அடிக்கடி போத்தலைத் தொட்டுப் பார்த்தார், குடிக்கவில்லை. பிறகு பொலிஸ் சார்ஜன் உள்ளே இருந்து உரக்கக் கேட்டார்.

"சிவபாதசுந்தரம் கவுத?"

அவர் எழும்பினார். பையைத் தங்கையிடம் கொடுத்தார்.

"மம" என்றார்.

ஏன் ஒரு வருடமாகப் பதியவில்லை என்று சார்ஜன் கேட்டார். பயத்தினால் என்று இவர் சொன்னார். நல்ல கந்தோர்ச் சிங்களத்தில், மன்னிப்புக் கோரும் கடிதம்போல. சார்ஜன் பெரிய கொப்பி ஒன்றைப் புரட்டினார். விரல் ஒரு இடத்தில் நின்றது. இவரை நிமிர்ந்து பார்த்தார். அப்போதுதான் இடது முன்னங்கை அவருடைய கண்ணில் பட்டது. மெஷின் ஊசிக்காக இரத்தக் குழாய்களைச் சேர்த்துத் தைத்த கை. கயிறுபோல வீங்கி, மேலும் கீழும் தழும்பு. அந்த நாட்களில் தமிழ் ஆளின் உடம்பில் தழும்பு இருந்தால் அதற்கு ஒரு அர்த்தம்தான்: சண்டையில் பட்டது.

"இது எங்கே பட்ட காயம்?"

நான் முன்னால் போனேன். "சார்ஜன் மஹத்தயா, விரலை இஞ்ச வையுங்கோ" என்று சிங்களத்தில் சொல்லி, அவர் யோசிக்க முன்னம் அவருடைய கையைப் பிடித்து அந்த வீக்கத்தின் மேல் வைத்தேன். அந்த இடத்தில் தொட்டால் உள்ளே தேனீக்கூடு மாதிரி இரையும். சார்ஜன் கையை வெடுக்கென்று இழுத்தார்.

"என்ன அது? உள்ளே என்ன இருக்கிறது?"

"இரத்தம். மெஷினுக்காக டொக்டர் அப்படிச் செய்தது. இந்தாங்கோ ஆஸ்பத்திரி அட்டை. திங்களும் வியாழனும் திகதி போட்டிருக்கு, இரண்டு வருஷத்துக்கு. பட்டியலிலை இருக்கிறவன் காட்டுக்குள்ளை எங்கையாவது மெஷின் வைச்சிருக்கிறானெண்டா பிடிச்சுக்கொள்ளுங்கோ."

சார்ஜன் அட்டையைப் பார்த்தார். மறுபடி, இந்த முறை தானாகவே, ஒரு விரலை மெல்ல அந்தக் கையில் வைத்துப் பார்த்தார். பக்கத்தில் நின்ற கான்ஸ்டபிளையும் கூப்பிட்டுத் தொடச் சொன்னார். இரண்டு பேரும் குழந்தைகளைப்போல ஆச்சரியப்பட்டார்கள். சிவபாதசுந்தரம் கையை நீட்டிக்கொண்டு அசையாமல் நின்றார். பிறகு சார்ஜன் கொப்பியை மூடினார். பலீலாவின் உறுதியைப் பார்த்தார். வரைபடத்தைப் பார்க்கவே இல்லை. பலீலாவுக்கு அதில் கொஞ்சம் மனக்குறை. மேற்படி நபர் மேற்படி விலாசத்தில் வசிக்கிறார் என்று இரண்டு வரி எழுதி, முத்திரை குத்தித் தந்தார். பதிவுப் படிவத்தையும் அங்கேயே நிரப்பச் சொன்னார். சிவபாதசுந்தரம் ஐந்து நிமிடத்தில், ஒரு வெட்டும் இல்லாமல் நிரப்பினார்.

வாசலுக்கு வந்தவர் திரும்பிப் போனார். நானும் பின்னால் போனேன்.

"கடிதத்தின் பிரதி ஒன்று வேண்டும்" என்று சார்ஜனிடம் கேட்டார். "என்னுடைய கோப்புக்கு."

சார்ஜன் பிரதியும் கொடுத்தார்.

முச்சக்கர வண்டியில் ஆஸ்பத்திரி ஜன்னலுக்குப் போய்ச் சேர்ந்தபோது பன்னிரண்டுக்கு இருபது நிமிடம். இலிகிதர் கடிதத்தை வாசித்தார். சிவப்பு மையில் எழுதியதைக் கீறிவிட்டு நீல மையில் ஏதோ எழுதினார். இவர் தலைகீழாக வாசித்துப் பார்த்துத் தலையாட்டினார். பட்டியலில் பெயர் ஏறியது. இருபத்துநாலாம் திகதி, முதலாவது இடம்.

"இருபத்துமூன்றாம் திகதி வந்து படுங்கள்" என்றார் இலிகிதர். "அதற்கு முன் ஏதும் மாற்றம் வந்தால் போன் பண்ணுவோம். வீட்டுக்குப் போங்கள்."

"போன் வேண்டாம்" என்றார் சிவபாதசுந்தரம். "நான் இங்கேயே இருக்கிறேன்."

"பதினொரு நாளுமா?"

"காலையில் வந்து கந்தோர் மூடும்வரை இருப்பேன். மாற்றம் வந்தால் ஜன்னலால் கூப்பிடுங்கள்."

இலிகிதர் என்னைப் பார்த்தார். பலீலா, வீட்டு ரெலிபோனை இனித் தான்தான் எடுப்பதாக ஜன்னலுக்குள் தலையை விட்டு இலிகிதரிடம் சத்தியம் செய்துகொண்டிருந்தார். சிவபாதசுந்தரம் எதிர்ப்பக்க வாங்கில் போய் இருந்தார். நேசமலர் பக்கத்தில் இருந்து சோற்றுப் பொட்டலத்தை மடியில் வைத்தாள். அவர் பையில் இருந்து வெள்ளிக்கிழமைப் போத்தலை எடுத்து, மருந்துக் கோப்பையில் கோடு வரை ஊற்றி, கண்ணுக்கு நேரே தூக்கிப் பார்த்து, அன்றைய முதலாவது முப்பது மில்லிலீற்றரைக் குடித்தார்.